நாலாவது ஆளும் நாலு பூட்டும்

1

எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் சப்பாத்தைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தால் முதலில் கண்ணில் படுவது, கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிய ஒரு கடதாசி. ஏதோ பட்டதாரிச் சான்றிதழ் என்று நினைத்துக் கிட்டப் போய்ப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டுக் கதிரையில் போய் இருப்பார்கள். இந்த வீட்டில் நாலு பேருக்கு அறை வாடகைக்கு விடலாம் என்று கவுன்சில் தந்த பதிவுப் பத்திரம் அது. கவுன்சில் என்றால் ஊரில் பிரதேச சபை மாதிரி. குப்பை வாளியிலிருந்து கூரை வரைக்கும் இங்கே அவர்கள் வைத்ததுதான் சட்டம்.

இதைப் போய் நடுவீட்டில் மாட்டி வைத்திருக்கிறாயே, பார்க்கிற சனம் என்ன நினைக்கும் என்று என் சிநேகிதி ஒருத்தி கேட்டாள். நினைக்கட்டும் என்றேன். என் மகளின் பட்டமளிப்புப் படம் அதற்குப் பக்கத்தில் நாலு விரல் கீழே தொங்குகிறது. மகளுக்கும் அதில் கோபம்தான்.

அந்தக் கடதாசி வந்து இந்தக் கிழமையோடு ஒரு வருடம். கேக் வெட்டவில்லை. ஆனால் ஊரில் இருக்கிற உங்களுக்கு இதை எழுத வேண்டும் போல இருந்தது. அவளுக்கென்ன, மெல்பேர்னில் பெரிய வீடு, வாடகை வருகிறது, காலை நீட்டிக்கொண்டு இருக்கிறாள் என்று உங்களில் சிலர் கதைப்பது என் காதுக்கும் வந்தது. காலை நீட்டுவதற்கு இந்த நாட்டில் என்னென்ன படிவம் நிரப்ப வேண்டும் என்று நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள்.

2

வீடு மெல்பேர்னின் தென்கிழக்கில், கேரம் டவுன்ஸ் கோயிலுக்கு இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில் இருக்கிறது. ஐந்து அறை. என் கணவர் நாடெல்லாம் லொறி ஓடினார். நான் முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் இருபது வருடம் உருளைக்கிழங்கு மசித்தேன். அப்படி வாங்கிய வீடு. அவர் போய்ச் சேர்ந்தார். மகள் அபி சிட்னியில் வேலை கிடைத்துப் போனாள். பரமட்டாவில் அலுவலகம், ஸ்ட்ராத்ஃபீல்டில் குடியிருப்பு. ஐந்து அறை வீட்டில் நான் ஒருத்தி, ஒவ்வொரு அறையாகப் போய் லைட் போட்டு லைட் அணைத்துக்கொண்டு இருந்தேன்.

பிறகு பொடியள் வந்தார்கள். எங்கள் ஆட்களுக்கு ஐம்பது வயதுக்குக் கீழே இருக்கிற ஆண்பிள்ளை எல்லாரும் பொடியள்தான். முதலில் வந்தவன் கார்த்திக். மதுரைக்காரன், கம்ப்யூட்டர் படிக்க வந்து அதிலேயே வேலையும் எடுத்துவிட்டான். அடுத்து வவுனியாவிலிருந்து அண்ணன் தம்பி இரண்டு பேர், இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. விடிய முதல் போய்விடுவார்கள், சத்தம் சந்தடி இல்லை. கடைசியாக வந்தவர் தவம்.

தவத்துக்கு நாற்பத்தாறு வயது. கடலால் வந்தவர். வந்த பிறகு பல வருடம் தடுப்பு முகாமில் வைத்திருந்தார்கள். இப்போதும் அவரிடம் இருப்பது தற்காலிக விசா. முடிய முடியப் புதுப்பிக்க வேண்டும். குசினி அலுமாரி செய்கிற பட்டறை ஒன்றில் மரம் அறுக்கிறார். அபியின் பழைய அறையைத்தான் அவருக்குக் கொடுத்தேன். கூரையில் அபி சின்ன வயதில் ஒட்டிய மினுங்குகிற நட்சத்திரங்கள் அப்படியே இருந்தன. கழற்றட்டுமா என்று கேட்டேன். இருக்கட்டும் அன்ரி என்றார். எது கேட்டாலும் அந்த மனுசனிடம் அதுதான் பதில். உப்புக் கூடின கறியைப் போட்டாலும் நல்லாயிருக்கு அன்ரி, ஆறின தேத்தண்ணியைக் கொடுத்தாலும் பரவாயில்லை அன்ரி. வந்த முதல் மூன்று வருடத்தில் வேண்டாம் என்ற சொல்லை அவர் வாயால் நான் கேட்டதில்லை.

வீட்டில் ஒரே பானைச் சோறு. பகிர்ந்துதான் சாப்பாடு. எந்த அறைக்கும் பூட்டு இல்லை, யாரும் கேட்டதும் இல்லை. சனிக்கிழமை காலையில் நான் தேத்தண்ணித் தட்டோடு ஒவ்வொரு கதவாகத் தள்ளிக்கொண்டு உள்ளே போவேன். திரையை இழுத்து விடுவேன், கிடக்கிற கோப்பைகளைப் பொறுக்குவேன், படுக்கை விரிப்பை உருவுவேன். இது லேடீஸ் ஹாஸ்டல் வார்டன் வேலை ஆன்ட்டி என்று கார்த்திக் தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு சொல்வான். நான் காதில் வாங்குவதில்லை.

3

கடிதம் வந்தது ஒரு திங்கட்கிழமை. உங்கள் வீட்டில் பதிவில்லாமல் அறைகள் வாடகைக்கு விடப்படுவதாகத் தகவல் கிடைத்திருக்கிறது, அடுத்த செவ்வாய் பத்து மணிக்கு அதிகாரி ஒருவர் வந்து பார்வையிடுவார். தகவல் கொடுத்தது யார் என்று அதில் இல்லை. பக்கத்து வீட்டு ரொன் தான் என்று நான் அந்த நிமிடமே தீர்ப்பு எழுதிவிட்டேன். வாசலில் குவிந்து கிடக்கிற சப்பாத்துகளை வேலிக்கு மேலால் எட்டி எட்டிப் பார்க்கிற மனுசன் அவர். அன்றிலிருந்து அவருக்கு வடை நிறுத்தம்.

சட்டத்தைக் கார்த்திக் கம்ப்யூட்டரில் தேடி வாசித்துச் சொன்னான். எனக்கு விளங்கியதைச் சொல்கிறேன். மூன்று பேர் வாடகைக்கு இருந்தால் ஒரு கேள்வியும் இல்லை. நாலாவது ஆள் உள்ளே வந்ததும் அதற்கு ரூமிங் ஹவுஸ் என்று பெயர் மாறிவிடும். வீட்டைக் கவுன்சிலில் பதிய வேண்டும். நடத்துகிறவர் மாநில அரசிடம் தனியாக லைசன்ஸ் எடுக்க வேண்டும். அறைக்கு அறை என்னென்ன இருக்க வேண்டும் என்று ஒரு நீளப் பட்டியல். இதெல்லாம் இல்லாமல் நடத்தினால் தண்டம். மூடச் சொல்லவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு.

அந்தக் கிழமை முழுக்க எனக்கு ஆலோசனை மழை. கோயிலில் கண்டவர், தமிழ்க்கடையில் கண்டவர், கல்யாண வீட்டில் பக்கத்தில் இருந்தவர், எல்லாரும் ஒரே வசனத்தைத்தான் சொன்னார்கள்: ஒராளைப் போகச் சொல்லுங்கோ, விசயம் முடிஞ்சுது. எந்த ஆளை என்று ஒருவரும் வாய் திறந்து சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. கார்த்திக்குக் கம்பனி வேலை. அண்ணன் தம்பியைப் பிரிக்க முடியாது. விசா முடிகிற தேதியைப் பார்த்துவிட்டு வீட்டுக்காரர் கதவைச் சாத்துகிற நகரத்தில், ஒரு அறைக்காகத் தவம் எத்தனை பேரிடம் கெஞ்சியிருப்பார் என்று எனக்குத் தெரியும். இங்கே வரும்போது அவர் ஒரு பையோடு சிநேகிதன் ஒருவனின் கராஜில் படுத்துக் கிடந்தவர்.

அபிக்குப் போன் அடித்துச் சொன்னேன். அவள் தமிழில் கேட்டு ஆங்கிலத்தில் பதில் சொல்கிற பிள்ளை. "ஜஸ்ட் ஆஸ்க் ஒன் டு லீவ், அம்மா. இட்ஸ் த லோ." ஒராளைப் போகச் சொல்லு, அதுதான் சட்டம். பிறகு, எப்படியும் அது என்னுடைய அறைதானே என்றாள். அறையை விட்டுப் போய் ஆறு வருடம். வந்தாலும் இரண்டு இரவுக்கு மேல் தங்குவதில்லை, அதிலும் ஒன்று சிநேகிதி வீட்டில். உன் அறையில் நீ விட்டுப்போன நட்சத்திரமெல்லாம் பத்திரமாக இருக்கிறது, வந்து எண்ணிப் பார் என்று சொல்லி போனை வைத்தேன். வைத்த பிறகு எனக்கே கவலையாக இருந்தது.

வழி சொன்னவன் கார்த்திக். "ஆன்ட்டி, யாரும் எங்கயும் போக வேணாம். தவம் அண்ணன் ரூம அன்னைக்கு ஒரு நாள் சாமி ரூம் ஆக்கிடுவோம். சாமி ரூம்ல போய் யாரு கட்டிலத் தேடுவா?"

எனக்கு அது உடனே பிடித்துக்கொண்டது. ஏன் அவ்வளவு சுலபமாகப் பிடித்தது என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

4

செவ்வாய் காலை தவத்திடம் விசயத்தைச் சொல்லி, பட்டறையில் லீவு போடவைத்து, கோயிலுக்கு அனுப்பினேன். பின்னேரம் ஆறுதலாக வாங்கோ என்றேன். ஓம் அன்ரி, போட்டு வாறன் என்று ஒரு கேள்வியும் கேட்காமல் போனார். கட்டிலைக் கழற்றிக் கராஜில் வைத்தோம். உடுப்புகளைக் கறுப்புப் பைகளில் கட்டினோம். கூடத்து மூலையில் இருந்த சாமிப்படங்களைக் கொண்டுபோய் அந்த அறையில் அடுக்கி, பூமாலை போட்டு, குத்துவிளக்கை ஏற்றி, சாம்பிராணியும் காட்டினேன். பொய்க்குச் சாட்சியாக அத்தனை தெய்வங்களையும் வரிசையில் நிறுத்தினேன் என்பது பிறகுதான் உறைத்தது.

வந்தவள் பெயர் ஹெலன். என் வயது இருக்கும், கையில் கிளிப் போட்ட அட்டை. வாசலில் சப்பாத்தைக் கழற்றினாள். நான் சொல்லவில்லை, அவளாகவே கழற்றினாள். குசினி பார்த்தாள், குளியலறை பார்த்தாள், கதவுகளைத் திறந்து மூடினாள். எத்தனை பேர் வாடகைக்கு இருக்கிறார்கள் என்று கேட்டாள். த்ரீ என்றேன். குரல் நடுங்கவே இல்லை. நாலாவது கதவைத் திறந்தபோது சாம்பிராணிப் புகை வெளியே வந்தது. உள்ளே போகாமல் வாசலில் நின்றபடியே பார்த்தாள். அழகாக இருக்கிறது என்றாள். எனக்குத் தலைகால் தெரியாத சந்தோசப் புளுகம்.

பிறகு நிமிர்ந்து கூரையைப் பார்த்தாள். இவ்வளவு புகைக்கும் இந்த ஸ்மோக் அலாரம் ஏன் கத்தவில்லை என்று கேட்டாள்.

அது கத்தாது. வீட்டில் ஒரு அலாரமும் கத்தாது. வெள்ளிக்கிழமை சாம்பிராணிக்கும் மிளகாய் வறுவலுக்கும் அவை அலறி அலறி, நான்தான் ஏணியில் ஏறி எல்லாவற்றின் பற்றறியையும் கழற்றி மேசை லாச்சிக்குள் போட்டு வைத்திருந்தேன். இந்த நாட்டில் சாமி கும்பிடுகிற எங்கள் வீடுகள் எத்தனையோவில் அந்தப் பற்றறி லாச்சிக்குள்தான் கிடக்கிறது. சிரிக்காதீர்கள், இதை வாசிக்கிற மெல்பேர்ன் ஆட்கள் எழும்பிப் போய் உங்கள் லாச்சியைத் திறந்து பாருங்கள். ஹெலன் என்னைத் திட்டவில்லை. எல்லாப் பற்றறியையும் என் கையாலேயே போடவைத்து, ஒவ்வொன்றையும் அமத்திக் கத்தவைத்துக் காதால் கேட்டாள். மூன்று பேர் என்று அட்டையில் எழுதினாள். சப்பாத்தைப் போட்டாள், போனாள்.

கார் திரும்பியதும் கார்த்திக் கைதட்டினான். நான் ஆட்டிறைச்சி எடுத்து வெளியே வைத்தேன். அன்றைக்கு நல்ல சமையல்.

5

தவம் பின்னேரம் ஐந்து மணிக்கு வந்தார். கையில் கோயிலில் கொடுத்த சர்க்கரைப் பொங்கல் பெட்டி. இரவுக்கு ஒன்றும் வாங்க வேண்டாம், இறைச்சிக்கறி வைத்திருக்கிறேன் என்றேன். தலையாட்டிவிட்டுத் தன் அறைப்பக்கம் போனவர் வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. கட்டில் இல்லை, அவருடைய உடுப்பு இல்லை. வெளியிலிருந்து வந்த காலோடு சாமி இருக்கிற இடத்துக்குள் கால் வைக்க அவருக்கு மனம் வரவில்லை. அப்படியே திரும்பி வந்து குசினிக் கதிரையில் இருந்தார்.

"அன்ரி, ஒண்டு சொல்லட்டே. கோவிக்கக் கூடாது."

சொல்லுங்கோ தவம் என்றேன்.

"கேம்பில எங்களை ஒவ்வொரு நாளும் எண்ணுவினம். விடிய ஒருக்கா, பொழுதுபட ஒருக்கா. கதவைத் தட்டாமல் திறந்து எண்ணுவினம். எண்ணினால் எனக்கு உடம்பெல்லாம் எரியும். இண்டைக்குக் கோயில்ல இருக்கேக்கை யோசிச்சன், என்ரை வீடெண்டு நினைச்ச இடத்தில இப்ப எண்ணுகினம், நான் அந்தக் கணக்கில இல்லை. அது அதைவிடப் பொல்லாததாக் கிடக்கு அன்ரி."

குரலை உயர்த்தவில்லை. பொங்கல் பெட்டியின் மூடியைத் திறந்து என் பக்கம் தள்ளிவைத்தார். தான் வேறு இடம் பார்ப்பதாகவும், மூன்று பேர் என்றால் எனக்கு ஒரு கரைச்சலும் இல்லை என்றும், ஒரு கிழமை அவகாசம் தந்தால் போதும் என்றும் சொன்னார். பிறகு கராஜுக்குப் போய்த் தன் மெத்தையை மட்டும் எடுத்துவந்து கூடத்தில் போட்டார்.

அப்படி ஒரு கோயில் வாசலில் நானும் இருந்திருக்கிறேன். அந்த வாசல் கொழும்பில்.

இதை என் மகளுக்குக்கூட நான் சொன்னதில்லை. எனக்கு இருபத்திரண்டு வயது. யாழ்ப்பாணத்திலிருந்து விசா அலுவலுக்காக வந்து, வெள்ளவத்தையில் ஒரு வீட்டில் அறையில் இருந்தேன். வீட்டில் தங்குகிற தமிழாட்கள் ஒவ்வொருவரின் பெயரையும் பொலிஸில் பதிய வேண்டிய காலம். அந்த வீட்டுப் பதிவில் ஐந்து பெயர். நான் ஆறாவது. ஆறாவதைப் பதியப் போனால் ஏன் வந்தாய், எப்ப போவாய் என்று வீட்டுக்காரருக்கும் சேர்த்து விசாரணை வரும். அதனால் சோதனைக்கு வருகிறார்கள் என்று தெரிந்தால் வீட்டுக்கார அன்ரி என் உடுப்பையெல்லாம் தன் அலுமாரிக்குள் திணித்துவிட்டு என்னைக் கோயிலுக்கு அனுப்புவா. விடியப் பூசையிலிருந்து பின்னேரப் பூசை வரைக்கும் தூணோடு சாய்ந்து இருப்பேன். திரும்பி வந்தால் என் தலையணை இல்லை, சீப்பு இல்லை, சாப்பாட்டுக் கோப்பை கழுவி உள்ளே வைத்தாயிற்று. அந்த அன்ரி கெட்டவ இல்லை. எனக்கு ஒரு வேளைச் சோறும் தவறவிடாதவ. ஆனால் அந்தக் கழுவி வைத்த கோப்பையைப் பார்க்கும்போது, நான் செத்துப்போனால் இந்த வீடு இப்படித்தான் இருக்கும் என்று நினைப்பேன்.

அதிகாரி எண்ண வருகிறார் என்றதும் ஒராளை ஒளி என்று என் கைக்கு யாரும் சொல்லித் தரவில்லை. முப்பத்தைந்து வருடம் கழித்து, கேள்வி கேட்டால் பதில் சொல்லிவிட்டுப் போகக்கூடிய ஒரு நாட்டில், வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு நின்ற ஒரு மனுசிக்கு முன்னால் அந்தக் கை தன்பாட்டில் வேலை செய்திருக்கிறது. அதே கோயில், அதே பை, அதே பொய். எனக்கு என் மேலேயே வந்த கோபத்தைக் கண்டு அந்த இறைச்சிக்கறியை ஒருவரும் சரியாகச் சாப்பிடவில்லை.

6

அடுத்த நாள் காலை கவுன்சில் அலுவலகத்துக்குப் போனேன். இலக்கத் துண்டு எடுத்து, என் இலக்கம் வரும் வரைக்கும் என் ஆங்கிலத்தை வாய்க்குள் வைத்து உருட்டிக்கொண்டு இருந்தேன். ஹெலன் வெளியே வந்ததும் முதல் வசனமாக, நேற்று நான் பொய் சொன்னேன், நாலு பேர் என்றேன்.

அவள் ஆச்சரியப்படவில்லை. தெரியும் என்றாள். பொடியளின் குளியலறையில் மட்டும் நாலு பல்துலக்கி இருந்தன, அதனால் அடுத்த மாதம் சொல்லாமல் வந்து பார்ப்பதற்கு ஏற்கெனவே குறித்து வைத்திருந்தாளாம். கட்டில் கழற்றிய எங்களுக்குப் பல்துலக்கியைக் கழற்ற அறிவில்லை. அவள் கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டுப் பொறுமையாகச் சொன்னாள். உனக்கு வயதாகிறது, தனியாக இருக்கிறாய், இந்த லைசன்ஸ் வேலையெல்லாம் பெரிய இழுபறி. மூன்று பேரோடு நிறுத்திக்கொண்டால் இந்தக் கோப்பை இன்றைக்கே மூடிவிடலாம். நாலாவது ஆளுக்குத் தங்குமிடம் தேடிக்கொடுக்கிற சேவைகளின் பட்டியலும் தருகிறேன்.

நல்ல மனதோடுதான் சொன்னாள். எனக்குத்தான் கோபம் பிடரியில் ஏறியது.

"நோ. ஃபோர்," என்றேன். "யூ ரைட் ஃபோர்."

எழுது என்றால் எழுத வேண்டும், நான் பார்த்துக்கொண்டு இருக்கிறேன் என்கிற மாதிரி மேசைக்கு மேலால் எட்டினேன். பக்கத்துக் கவுன்டரில் நின்ற ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். ஹெலன் மூன்றை வெட்டி நாலு என்று எழுதி, பக்கத்தில் தன் சுருக்கக் கையெழுத்தையும் போட்டாள்.

செய்ய வேண்டியவற்றின் பட்டியலைத் தரும்போது அவள் சொன்ன ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த விதிகளை உன்னைப் போன்ற ஆட்களுக்குத் தொல்லை கொடுக்க எழுதவில்லை, ஒரு வீட்டில் பதினொரு பேரை அடைத்து, கராஜில் மூவரைப் படுக்கவைத்து, ஜன்னலை ஆணி அடித்து வைத்திருந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன் என்றாள். எனக்குத் தெரியும். அந்த வீட்டுக்காரர்களில் எங்கள் ஆட்களும் இருக்கிறார்கள், அவர்களும் அன்ரி அங்கிள்தான். அதனால் பட்டியலை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு எழும்பி வந்தேன்.

வீட்டுக்கு வந்து தவத்திடம், உங்கட பெயரைக் கவுன்சிலில் எழுதியாயிற்று, இனி நீங்கள் போனால் நான்தான் திரும்பிப் போய் வெட்ட வேண்டும், எனக்கு அந்த இலக்கத் துண்டு எடுக்க ஏலாது என்றேன். அவர் சாமிப்படங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கூடத்து மூலைக்குக் கொண்டுபோக உதவி செய்தார்.

7

அதற்குப் பிறகு ஐந்து மாதம். மின்சாரக்காரன் சான்றிதழ், காஸ்காரன் சான்றிதழ். ஒவ்வொரு அறைக்குள்ளும் நெருப்புப் பிடித்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்று படம். ஐந்து அறை வீட்டில் வாசல் எங்கே என்று தெரியாதவன் மாடு மேய்க்கத்தான் லாயக்கு. என்றாலும் ஒட்டினோம். தவம்தான் அடிமட்டம் வைத்து அச்சுப் போல வரைந்தார். குசினியில் ஆளுக்கொரு பூட்டுப் போட்ட அலுமாரி. ஒரே பானையில் தின்கிறவர்கள் எதைப் பூட்டுவது? நாலு பூட்டின் திறப்பையும் ஒரே ஆணியில் தொங்கவிட்டேன். ஒன்றுக்குள் அரிசி, ஒன்றுக்குள் மா, ஒன்றுக்குள் கார்த்திக் ஒளித்துவைக்கிற சிப்ஸ்.

லைசன்ஸ் எடுக்க நான் தகுந்த ஆள் என்று காட்டப் பொலிஸ் அறிக்கை வேண்டும். பொலிஸ் என்ற சொல்லைப் படிவத்தில் கண்டதும் பேனையைக் கீழே வைத்துவிட்டேன். ஆனால் எழுதினேன், என் பெயர், பிறந்த இடம், எல்லா விலாசமும். வெள்ளவத்தை விலாசம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதையும் எழுதியிருப்பேன்.

ஒரு படிவத்தில் வசிப்போர் என்ற இடத்தில் நாலு பொடியள் என்பதை ஆங்கிலத்தில் அப்படியே எழுதிவிட்டேன். இரண்டாம் நாள் ஓர் அலுவலகத்திலிருந்து போன், அந்தப் பிள்ளைகள் எந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள் என்று. அபி அதைக் கேட்டுச் சிட்னியிலிருந்து தலையில் அடித்துக்கொண்டு ஒரு சனி ஞாயிறு பறந்து வந்தாள். மிச்சப் படிவத்தையெல்லாம் பிடுங்கி எடுத்து, சோபாவில் சம்மணம் போட்டு இருந்து மடிக்கணினியில் நிரப்பினாள். இரவு அதே சோபாவில் படுத்தாள். போகிற அன்று தன் பழைய அறை வாசலில் நின்று, ஸ்டார்ஸ் இன்னும் மினுங்குமா என்று தவத்திடம் பாதித் தமிழில் கேட்டாள். நாலு மட்டும் விழுந்துவிட்டது, எடுத்து வைத்திருக்கிறேன் என்று அவர் ஒரு சின்னப் பெட்டியைக் கொண்டுவந்து நீட்டினார். அபி வாங்கிப் பார்த்தாள். பிறகு கதிரையில் ஏறி, அந்த நாலையும் தானே திரும்ப ஒட்டிவிட்டு இறங்கினாள். அது என்னுடைய அறை என்ற கதையை அதற்குப் பிறகு அவள் எடுக்கவில்லை.

நான் கடைசி வரைக்கும் மல்லுக்கட்டியது பூட்டோடுதான். ஒவ்வொரு அறைக்கும் பூட்டு இருக்க வேண்டும், உள்ளேயிருந்து பூட்டக்கூடியதாக. வீட்டுக்காரி உள்ளே போவதென்றால் ஒரு நாளைக்கு முதலே எழுத்தில் அறிவிக்க வேண்டும். இதைவிட என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம் என்று ஹெலனிடம் சொல்ல நினைத்தேன், ஆங்கிலம் வரவில்லை. வீட்டுக்குள் ஆளுக்காள் பூட்டிக்கொண்டு இருந்தால் அதற்குப் பெயர் வீடா? தேத்தண்ணி கொண்டுபோக நான் விண்ணப்பம் போட வேண்டுமா என்று மட்டும் கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டே, ஆம், போட வேண்டும் என்றாள்.

சரி, போட்டேன். வெள்ளிக்கிழமை தோறும் நாலு கதவிலும் ஒட்டினேன்: "நாளை காலை எட்டு மணிக்குத் தேத்தண்ணியுடன் வருவேன். விரிப்பும் எடுப்பேன். இப்படிக்கு, வீட்டுக்காரி." சுத்தத் தமிழில், திகதியோடு, கையெழுத்தோடு. இரண்டாம் முறை வந்த ஹெலன் அதைப் பார்த்துவிட்டு என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். சட்டம் எழுதியிருக்கிறது என்றேன்.

பூட்டுப் போட்டது தவம். மற்ற மூன்று கதவுக்கும் ஒரே நாளில் போட்டுவிட்டார். தன் கதவுக்கு மட்டும் போடவில்லை. வாங்கவே அவருக்கு இரண்டு கிழமை எடுத்தது. ஒரு சனிக்கிழமை கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அரை மணித்தியாலம் பூட்டுகளுக்கு முன்னால் நின்றார். ஒன்றை எடுத்து உள்பக்கத் திருகியைத் திருப்புவார், திரும்ப வைப்பார், அடுத்ததை எடுப்பார். என் கால் உளைந்தது. ஏதாவது ஒன்றை எடுங்கோ தவம், எல்லாம் ஒன்றுதானே என்றேன்.

"இல்லை அன்ரி," என்றார். "உள்ளால நான் பூட்டுற முதல் பூட்டு இது."

நான் தள்ளுவண்டியில் சாய்ந்து நின்றேன். எவ்வளவு நேரம் வேண்டுமென்றாலும் எடுக்கட்டும் என்று.

8

ஹெலன் கடைசியாக வந்தபோது தவம் லீவு போடாமலே வீட்டில் நின்றார். அன்றைக்கு அவருடைய ஓய்வு நாள். எத்தனை பேர் என்று கேட்டபோது நான் வாய் திறக்க முதல் அவர் ஃபோர் என்றார். அவள் நாலு கதவையும் பூட்டித் திறந்து பார்த்தாள். ஆணியில் நாலு திறப்பும் ஒன்றாகத் தொங்குவதைப் பார்த்தும் பார்க்காத மாதிரிப் போனாள். இரண்டு கிழமையில் கடதாசி வந்தது. அதைச் சட்டம் போட்டு மாட்டிய கதையைத்தான் முதலில் சொன்னேன். ரொனுக்கு வடையும் திரும்பக் கொடுக்கத் தொடங்கிவிட்டேன். அந்தத் தகவலைக் கொடுத்தது அவரா, ஒராளைப் போகச் சொல்லுங்கோ என்று ஆலோசனை சொன்ன எங்கள் ஆட்களில் ஒருவரா என்று இன்றைக்கும் தெரியாது. யாராக இருந்தாலும் வந்து அந்தக் கடதாசியை வாசித்துவிட்டுப் போகட்டும்.

கடதாசி வந்த அந்தக் கிழமையின் சனிக்கிழமை. முதல் நாளே அறிவித்தல் ஒட்டியிருந்தேன். எட்டு மணிக்குத் தேத்தண்ணித் தட்டோடு போனேன். கார்த்திக்கின் கதவைத் தட்டினேன், முனகிக்கொண்டு திறந்தான். அண்ணனும் தம்பியும் அன்றைக்கு வீட்டில், அவர்களும் திறந்தார்கள். கடைசியாகத் தவத்தின் கதவு. தட்டினேன். சத்தமில்லை. திரும்பத் தட்டினேன்.

"அன்ரி, இப்ப வேண்டாம். நித்திரை வருது. பிறகு வாறன்."

வேண்டாம். அவர் வந்து நாலு வருடம் ஆகப்போகிற நேரத்தில், அந்த வாயிலிருந்து முதல் தடவை. நான் தட்டோடு நின்றேன். அறிவித்தல் ஒட்டியிருக்கிறேன், திகதி போட்டிருக்கிறேன், எனக்குச் சட்டப்படி உரிமை இருக்கிறது. இந்தப் பக்கம் நான் நிற்கிறேன் என்று தெரிந்தும் உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. அவர் மற்றப் பக்கம் திரும்பிப் படுக்கிறார். பூட்டு திறபடவே இல்லை.

குசினிக்கு வந்து கதிரையை இழுத்துப் போட்டு, காலை நீட்டிக்கொண்டு, அந்தத் தேத்தண்ணியை நானே குடித்தேன்.